எட்டு மாடிக்கு இந்தப் பக்கம்

மழை சடசடவென்று பிடித்துக்கொண்டதும் அவள் மருந்துக்கடை வாசலில் ஒதுங்கினாள். ஒரு கையில் பசை வாளி, இன்னொரு கையில் 'எட்டு மாடிக் கட்டடம் வேண்டாம்' என்ற நனைந்த போஸ்டர்கள். அங்கே ஏற்கெனவே ஒதுங்கி நின்றவன் எட்டிப் படித்தான்.

"எட்டு மாடி வந்தா என்னங்க?"

"என்னவா? முந்நூறு வருஷத்துத் தெருங்க இது! அவ்வளவு உயரம் எழும்பினா, பழமையான ஊர்னு அரசாங்கம் கொடுத்த பாதுகாப்பையே எடுத்துடுவாங்க. அப்புறம் எவன் வேணா எதை வேணா இடிக்கலாம். அதைக் கட்ட வர்ற என்ஜினியர் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

"கிடைச்சா?"

"இந்த வாளியை அப்படியே தலையில கவுத்துடுவேன்!"

அவன் சிரித்தான். மழை கழுவிவிட்டது போல் கண்கள்... அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். ச்சே, முன்னே பின்னே தெரியாதவனைப் போய்...

அடுத்த வாரம் ஊர்க்கூட்டத்தில் கம்பெனி சார்பில் எழுந்து நின்ற என்ஜினியர், அவனேதான்.

அவளுக்கு முகம் எரிந்தது. "உங்களுக்கு நிலத்தை வித்த துரோகி யாரு? சொல்லுங்க!"

அவன் பார்வை முன்வரிசையிலிருந்த அவள் அண்ணன் மேல் ஒரு கணம் பட்டு மீண்டது. "அதை நான் சொல்றதுக்கில்லைங்க." கூச்சலிட்டே அவனை வெளியே துரத்தினார்கள்.

அன்று ராத்திரி அண்ணிதான் விசும்பிக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உங்க அண்ணன்தாம்மா வித்தாரு... உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்லத் தைரியமில்ல."

அப்படியானால் அத்தனை ஏச்சையும் அவன் எதற்காக வாங்கிக்கொண்டான்? மன்னிப்புக் கேட்க அவன் ஆபீஸ் வாசல்வரை போவாள்... திரும்பிவிடுவாள். என்ன இருந்தாலும் ஊரைக் கெடுக்க வந்தவன்தானே!

கட்டடம் மாடி மாடியாக ஏற, கடைசியில் பாதுகாப்பு ரத்தானது. தெருமுனையில் இருந்த 'பாதுகாக்கப்பட்ட ஊர்' என்ற அறிவிப்புப் பலகையைக் கழற்றினார்கள். தூறலில் மரமாய் நின்றவளின் அருகே அவன் வந்து நின்றான்.

"அன்னைக்கே அண்ணன் பேரைச் சொல்லியிருக்கலாமே..."

"அத்தனை பேர் முன்னாடி நீங்க உடைஞ்சுபோறதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லைங்க." குரல் தாழ்ந்தது. "உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்லதான்..."

"வேலையை நிறுத்துவீங்களா?"

"நான் விலகினா நாளைக்கே வேற ஆள் வருவான்."

பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா...

"உங்களை வெறுத்துடணும்னு எவ்வளவோ பார்த்தேன்," என்றாள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை. "முடியல. எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு... இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?"