மூன்றாவது வரி

ஜீவன் விரலை எடுத்த பிறகும் கிட்டார் விம்மியது.

குளிருக்குக் கம்பி இறுகியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மாலை ஐந்து மணி. ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய மூட்டம் ஜன்னல் கண்ணாடியில் அப்பியிருந்தது, ஈரச் சுவரின் பூஞ்சை வாடை மூக்கை அடைத்தது, பக்கத்து அறையில் மகள் கிருஷாந்தி பாடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாளை கண்டி ஹோட்டலொன்றில் அவனது தனிக் கச்சேரி. ப்ளூஸ். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் அடிமைகள் பாடிய பாட்டிலிருந்து முளைத்த இசை. ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதில் முடிவு.

நம் தேயிலைத் தோட்டத்திலும் அப்படிப் பாட்டு இருக்கிறதே என்றுதான் கலஹாவில் கொழுந்து பறிக்கும் வேலாயியைத் தேடிப் போனான். ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்டான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வெக்கக் கூடாது சார். ஆளக் கேட்டுரும்.”

“சும்மா ரெண்டே வரிம்மா. ரெக்கோட் பண்ணத்தான்.”

விட்டானா பாவி! பாட வைத்தான். பதினைந்தாம் நாள் மண்சரிவில் அவளுடைய ஒரே மகன் அழகர் புதைந்து போனான். துக்கத்துக்குப் போன ஜீவனை அவள் சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பார்த்தாள்.

“எம்புள்ளைக்கு அழ எங்கிட்ட பாட்டு இல்ல. நீங்க கொண்டு போயிட்டீங்க. மூணாவது வரி ஒங்க வீட்டுலயே முடியட்டும்.”

அப்படியும் அந்த இரண்டு வரியைத்தான் நாளைக்கென்று வாசித்துப் பழகிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது. கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு விலகி நின்றான்.

அது தானாக ஒலித்தது. வேலாயி குரலில், இழுத்து இழுத்து.

எங்கண்ணே, எங்க இருக்க?

“இங்கதான்பா,” என்றாள் கிருஷாந்தி; அவளுக்கு அது அப்பா குரலாகக் கேட்டிருக்கிறது.

பேசாதே என்று கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

எங்கண்ணே, எங்க இருக்க?

“இங்கதான் இருக்கேன்பா! எத்தன தடவ கூப்புடுவீங்க?”

ஓடினான். அவள் அறைக் கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். முதுகுக்குப் பின்னால் கம்பி ஒன்று படீரென்று அறுந்தது.

மூன்றாவது வரி.

உள்ளே பதில் இல்லை.

கதவு திறந்தது.

கிருஷாந்தியைத் தரையில் நீட்டிக் கிடத்தியிருந்தது. தலை தெற்கே. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கிட்டார் கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.