அசைந்தால்தான் தின்னும்

ஜோயல் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் படூர் ஃப்ளாட்டில் இருந்தவர்கள் நாலு பேர். ஜோயல் நடு ஹாலில், மூட முடியாமல் பிதுங்கிய சூட்கேஸின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி ஸ்ரீதேவி சோபாவில், மடியில் பாஸ்போர்ட்டுகளோடு. அப்பா ஏசுதாஸ் ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு. அக்கா ஜெனிஃபர் சமையலறை நிலைப்படியில், யாருக்கும் வழி விடாமல். ஐந்தாவதாக ஒருத்தரைச் சேர்க்க வேண்டுமென்றால் அது துரை. டிவி வைக்கிற மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் சூட்டு பல்பு, பல்புக்கு அடியில் ஒரு கட்டை, கட்டையைக் கட்டிப் பிடித்தபடி மணல் நிறத்தில், கழுத்தைச் சுற்றி முள்தாடியோடு துரை.

"வெளிநாட்டு ஓணான்னு சொல்லுடா. அதுக்குப் போயி துரையாம், தொரைசானியாம்," என்றார் அப்பா. "வேலில போறத எடுத்து வேட்டில வுட்டுக்கினானாம் ஒருத்தன். நீ காசு குடுத்து வாங்கி வுட்டுக்கினு கீற."

ஜோயல் சிரித்துக்கொண்டே, ஓட்டை போட்ட ஒரு டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினான். உள்ளே முட்டை அட்டைகளின் மடிப்பில், துரைக்கு இரையாக, சுவர்க்கோழிப் பூச்சிகள். நூற்றுக்கணக்கில். டப்பா முழுக்க ஒரே கிறீச்சல். அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தில் கேட்கிற சத்தம் ஓயாமல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஈர வைக்கோல் வாடை.

ஜெனிஃபர் கையை நீட்டவில்லை. அவள் கூரை வீட்டில் வளர்ந்தவள். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து, கூரையிலிருந்து விழுவதையெல்லாம் தட்டிவிட்டுத் தூங்கியவள். ஒரு மழைக்காலம் முழுக்கக் காதுக்குள் ஏதோ ஊர்ந்துகொண்டேயிருந்து, விளக்கெண்ணெய் ஊற்றி எடுத்தபோது வெளியே வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

"உயிரோட ஒரு பூச்சிகூட இந்த வூட்ல இருக்காது," என்றாள்.

டப்பா அடங்கிவிட்டது.

ஒவ்வொன்றாக அடங்கவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி, மொத்தமும். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாத்தியா, உன் வாய்க்குப் பயந்து பூச்சிகூட வாய மூடிக்கிச்சு," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிஃபரும் சிரித்தாள், டப்பாவைப் பார்க்காமல்.

"அக்கா, செத்ததைப் போட்டா இது திங்காதுக்கா. அசைஞ்சாத்தான் அதுக்கு சாப்பாடு. கீரை, பூசணி குடுக்கலாம், ஆனா பூச்சி இல்லாம இந்த வயசுல வளராது."

"எதுக்குங்க அண்ணிக்குக் கஷ்டம்?" என்றாள் ஸ்ரீதேவி, பாஸ்போர்ட்டின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. "துரையைக் கடைக்காரன்கிட்டயே குடுத்துட்டு, வீட்டை என் ஃப்ரெண்டுக்கு விட்டுடலாம். அண்ணி ஒரு வாரம் தாங்க மாட்டாங்க."

அதுதான் பேச்சு. துரையைப் பார்த்துக்கொண்டால் ஜோயல் திரும்புகிற வரை வீடு ஜெனிஃபருக்கு. பக்கத்துக் கல்லூரி ஆபீசில் அவளுக்கு வேலை. அப்பா வீடிருக்கிற சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து போக வேண்டாம். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் தட்டாமல் யாரும் வர முடியாத ஒரு கதவு, முப்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக.

"அசையணும், அவ்ளோதானே?" என்றாள் ஜெனிஃபர். "நான் அசைக்கிறேன்."

மறுநாள் காலையில் டப்பாவை அப்படியே ஃப்ரீசரில் வைத்தாள். மாலையில் எடுத்தபோது எல்லாம் விறைத்துப்போய், கறுப்பு உளுந்தைக் கொட்டின மாதிரி கிடந்தன. அள்ளி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடி, திரும்ப உள்ளே வைத்தாள். தென்னந்துடைப்பத்திலிருந்து நீளமாக ஒரு ஈர்க்குச்சியை உருவினாள். சின்ன வயதில் தம்பியும் அவளும் வேலியோரம் ஓணான் பிடிக்க ஈர்க்கின் நுனியில் சுருக்குப் போடுவார்கள். அந்தக் கை மறக்கவில்லை. கறுப்பு நூலில் சுருக்கு. சுருக்குக்குள் சுவர்க்கோழியின் இடுப்பு. மெல்ல இழுத்தால் இறுகும்.

துரையின் முன்னால் இறக்கி மணிக்கட்டைச் சொடுக்கினாள். டக். நிறுத்தம். டக். உயிருள்ளது தயங்கித் தயங்கி நடப்பது போல. துரை தலையைச் சாய்த்தது. கண் உருண்டது. இளஞ்சிவப்பு நாக்கு நீண்டு, நூல் அறுந்தது.

"ஏமாந்தியா துரை!" என்று வாய்விட்டுச் சிரித்தாள் ஜெனிஃபர்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்ரீதேவிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்: "நல்லா நாஸ்தா பண்றாரு உங்க துரை. வூட்ல ஒரு பூச்சி சத்தம் இல்ல."

அது நிஜமும்கூட. மழை தொடங்கியிருந்தது. சுற்றிலும் இன்னும் வயலாகக் கிடந்த மனைகளில் தவளையும் பூச்சியும் இரைந்தன. மற்ற வீட்டு டியூப்லைட்டுகளில் ஈசல் மொய்த்தது. அவள் விளக்கைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. முதலில் அது அவளுக்கு வெற்றியாகத்தான் பட்டது.

ஒரு மாலை, ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவி, சுருக்கில் சுவர்க்கோழியை மாட்டி, பெட்டிக்குள் இறக்கிவிட்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க இடக்கையைத் தூக்கினாள். வலக்கை சும்மா இருந்தது. சுவர்க்கோழி அசைந்தது. டக். நிறுத்தம். டக்.

ஃபேன் காற்று. எழுந்துபோய் ஃபேனை அணைத்தாள். றெக்கைகள் நின்று, புழுக்கம் ஈரத்துணி மாதிரி மேலே கவிழ்கிற வரை காத்திருந்து, மறுபடி குச்சியைப் பிடித்தாள். நூல் அசையாமல் தொங்கியது. "அப்படி வா," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அசைந்தது. துரை பாய்ந்து தின்றது. மென்றது. அந்த மெல்லுகிற சத்தத்தை அவள் உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள், எழுந்து போனால் தோற்றதாக ஆகிவிடும் என்பதுபோல.

பிறகு ஃப்ரீசர். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடும்போது ஒன்றுமில்லை; அது குலுங்கி நின்றதும், சமையலறை அமைதியாவதற்கு முன்னால், உள்ளேயிருந்து கண்ணாடியில் நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். திறந்தால் வெள்ளைப் பனி, பாட்டில், விறைத்த உளுந்து. மூடினால் சுரண்டல். நாலைந்து தடவை திறந்து மூடினாள். கடைசியில் பாட்டிலை எடுத்து, மூடியை இன்னும் இறுக்கித் திருகி, அதன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "செத்தது செத்ததாவே கிட."

செத்ததை உயிருள்ளதாக ஆட்டிக் காட்டியது யார் என்று அவளுக்குள் ஒரு குரல் கேட்டது. பாட்டிலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். யாரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பார்கள்.

அதன்பின் துரை இரையைப் பார்ப்பதை விட்டுவிட்டது. சுவர்க்கோழி அதன் மூக்கு நுனியில் துள்ளும். துரையின் கண் நூலைப் பிடித்து மேலே ஏறும். ஈர்க்குச்சி. அவள் விரல். மணிக்கட்டு. முழங்கை. தோள். யார் ஆட்டுவது என்று தேடிக்கொண்டே போகிற மாதிரி. தோளில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒற்றைக் கண்ணால், அவள் உச்சந்தலைக்கு மேலே பார்த்தது. இன்னும் மேலே. தாடி உப்பியது. மணல் நிறம் மாறி, கரியைப் பூசின மாதிரி கறுத்தது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

ஜெனிஃபர் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையடித்த மேல்தளம். ஃபேன் கொக்கி. வேறொன்றுமில்லை.

அன்றிலிருந்து துரை பூச்சியைத் தொடவில்லை. முருங்கைக் கீரையையும் துருவின பூசணியையும் தட்டில் வைத்தால், அவள் அறையை விட்டுப் போன பிறகு கொஞ்சம் தின்றது. அவள் இருக்கும்போது கட்டைக்கு அடியில் போய், வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தது.

சனிக்கிழமை முற்பகல் அப்பா வந்தார், மீன் குழம்புத் தூக்கோடு. சோற்றைப் போட்டு உட்கார்ந்ததும் அவர் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இன்னாமா, கை ஏன் அப்டி ஆடிக்கினே கீது?"

அவள் குனிந்து பார்த்தாள். மடியில் கிடந்த வலக்கை. மணிக்கட்டு தானாகச் சொடுக்கியது. டக். நிறுத்தம். டக்.

எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. ஆபீசிலும் இப்படித்தானா? தெருவில் நடக்கும்போது? இடக்கையால் அழுத்திப் பிடித்தாள். தோலுக்குக் கீழே, மணிக்கட்டைச் சுற்றி, மெல்லிசாக ஒரு இறுக்கம். இழுத்தால் இறுகும். விட்டால் தளரும். அது மேல்நோக்கி இழுத்தது.

"நரம்புத் தளர்ச்சி," என்றாள்.

"முப்பது வயசுல இன்னா நரம்புத் தளர்ச்சி? மூஞ்சப் பாரு, வெளுத்து வெளக்குமாத்துக் குச்சி மாதிரி கீது. இந்த ஓணானத் தூக்கி எவன்கிட்டயாவது குடுத்துட்டு வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"இதுதான் என் வூடு."

"உன் தம்பி வூடு."

"அவன் வர்ற வரைக்கும் என் வூடு." குரல் எகிறியது. "கதவுக்குள்ள நான் ஒருத்தி இருக்கிற எடம் எனக்கு இதுக்கு முன்ன எங்க இருந்துச்சு? பூச்சி பொட்டுன்னு பயந்து நான் எதுக்குப்பா வுட்டுட்டு வரணும்? ஸ்ரீதேவி சொல்லிக் காட்டுவா. சொல்ல வுட மாட்டேன்."

ஏசுதாஸ் சோற்றைப் பிசைந்தார். மகள் இப்படி மூக்கு விடைத்து நிற்கும்போது பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டு, கை கழுவி, "நாலு மணி பஸ்ஸுக்குப் போறேன். யோசிச்சு வை," என்று உள்ளறையில் தலையைச் சாய்த்தார்.

ஜெனிஃபர் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அது அடியில் துள்ளியது. துப்பட்டாவால் நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினாள். நாற்காலி அசைந்தது. அப்போதுதான், யோசித்து அல்ல, சும்மா, மேசைமேல் கிடந்த பேனாவை இழுத்து விரல்களுக்கிடையே வைத்தாள்.

கை நின்றது.

தாளை எடுத்தாள். "அன்புள்ள தம்பி ஜோயலுக்கு" என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, இடப்பக்கம் ஓரம் விட்டு, வலப்பக்கம் ஊரும் தேதியும் போட்டு. எழுத்து கோணவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் கை அவள் சொன்னபடி கேட்டது. மேலே இழுத்த இறுக்கம் தளர்ந்திருந்தது, போகவில்லை, காத்திருந்தது. எழுதுகிற வரைக்கும் கை அவளுடையது. அதனால் நிதானமாக, ஒன்றையும் விடாமல் எழுதினாள். துரை உயிரோடு இருக்கிறது. இந்த வீட்டில் உயிரோடு ஒரு பூச்சியையும் நான் வைக்கவில்லை. ஸ்ரீதேவியிடம் சொல், ஒரு வாரம் இல்லை, மழைக்காலமே முடியப் போகிறது. இங்கே வேறு ஒன்று இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை, அது என்னை அசைத்துப் பார்க்கிறது. நான் போவதாக இல்லை. இப்படிக்கு.

அதற்கு மேல் எழுத இடமில்லை. வீட்டில் வேறு தாளும் இல்லை, வேறு பேனாவும் இல்லை.

அப்பா எழுந்து முகம் துடைத்துக்கொண்டு வந்தார். "லெட்டரா? குடு, கேளம்பாக்கம் போஸ்டாபீஸ் வழியாத்தான் போறேன். இன்னிக்கே போட்டா அடுத்த மாசமாவது போய்ச் சேரும்." அவர் பேனா கொண்டு வந்திருக்கவில்லை. அவள் உறையில் விலாசம் எழுதி முடித்ததும், பஸ்ஸில் செலவுக் கணக்கு எழுத வேண்டுமென்று அவள் விரலிலிருந்த பேனாவையே உருவித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவள் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏனென்று கேட்பார். கேட்டால் கூட்டிப்போவார்.

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். இடக்கையால் அழுத்தித் தேய்த்தாள். கொடுத்தாள்.

"வரலியா?"

"இல்லப்பா."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பாவின் செருப்பு மூன்று மாடியும் இறங்கியது. கேட் கிறீச்சிட்டது. பிறகு சத்தமில்லை. தவளை இல்லை. பூச்சி இல்லை. வெளியே நல்ல வெயில்.

வலக்கை எழுந்தது.

தோள் உயரம். தலை உயரம். விரல்கள் கீழே தொங்கின. டக். நிறுத்தம். டக். பிறகு முழங்கை. பிறகு தோள். கால்கள் நடந்தன, அவள் நடக்காமல், பால்கனிக் கண்ணாடிக் கதவை நோக்கி, சுருக்கில் மாட்டின சுவர்க்கோழி போல, தயங்கித் தயங்கி.

பெட்டிக்குள் துரை கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ஆட்டு," என்றாள் ஜெனிஃபர். பல் கிட்டித்தது. "நல்லா ஆட்டு. வூட்ட வுட்டுப் போக மாட்டேன்."

குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது.

கண்ணாடியில் வெளிச்சம் குறைந்தது. மேகம் இல்லை. கதவின் வெளிப்பக்கத்தில், மேல் சட்டத்திலிருந்து கீழ் சட்டம் வரை, மொத்தக் கண்ணாடியிலும், பெரிதாக ஏதோ ஒன்று வெளியே நின்று மூச்சுவிட்டாற்போல ஆவி படர்ந்தது.

விலகியது.

மறுபடி படர்ந்தது, இன்னும் கிட்டத்தில்.

அவள் கண்ணை மூடவில்லை.