மூன்றாம் நாளும் நாறிய பூ

பூ விரிந்து மூன்று நாளாகியும் நாற்றம் போகவில்லை. காட்டுச்சேனைப் பூ முதல் சாயங்காலம் செத்த எலியைப் போல நாறும், ஊரிலுள்ள ஈயையெல்லாம் கூட்டும், மறுநாளே ஓய்ந்து தலையைத் தொங்கப் போட்டுவிடும். பதினைந்து வருடமாக மலைச்சரிவில் கிழங்கு தோண்டிப் பிழைக்கிற இளையவனுக்கு இதெல்லாம் அத்துப்படி. இந்தப் பூவோ நாளுக்கு நாள் கூடுதலாக நாறியது. அதுவும் அவர்கள் குடியிருந்த கொட்டகைக்குப் பின்னால், பெரிய பாறையின் காலடியில், அவன் ஒரு வருடமாக எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில்.

"தம்பி, அதைத் தோண்டிப் போட்டுருங்களேன்," என்றாள் அண்ணி, மூக்கைப் பொத்திக்கொண்டு. "சாப்பாடே இறங்க மாட்டேங்குது."

"பூத்த கிழங்கு சொத்தையா இருக்கும் அண்ணி. விடுங்க."

"உங்க அண்ணன் இருந்தா இப்படி விட்டிருப்பாரா? நீங்க போகலைன்னா நானே போய்த் தோண்டுறேன்."

அவன் சட்டென்று எழுந்தான். "நானே போறேன். நீங்க வராதீங்க," என்று மண்வெட்டியை எடுத்தான்.

போன வருடம் இதே மாதம், அந்தப் பாறையடியில் கிழங்குக் குழிக்குள் குனிந்திருந்த அண்ணன் வழக்கம்போலச் சீண்டினான். "உனக்கு மண்வெட்டி பிடிக்கவே இன்னும் தெரியலடா." அன்றைக்கென்று இளையவனுக்குக் கை ஓங்கிவிட்டது. ஒரே வெட்டு. உடம்பில் கல்லைக் கட்டிக் குவாரித் தண்ணீரில் தள்ளிவிட்டு, அண்ணன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான் என்று வீட்டில் சொன்னான். ஆனால் அதற்கு முன்னால், பதறிய வேளையில், அவன் கைகள் தாமாக ஒரு காரியத்தைச் செய்து முடித்திருந்தன. கிழங்கு தோண்டுகிற எல்லோரும் செய்வதுதான். முளையுள்ள தலைப்பாகத்தைத் தனியே அறுத்து, நிமிர்த்தி, அதே குழியில் வைத்து மூடுவார்கள். மறுவருடம் அதன் கீழே புதுக்கிழங்கு விளைந்திருக்கும்.

அண்ணனின் தலையை அப்படித்தான் வைத்திருந்தான். முகம் வானத்தைப் பார்க்க.

மண்டை ஓடுதானே, அதையும் குவாரியில் போட்டால் தொலைந்தது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு அவன் சரிவில் ஏறியபோது வெயில் தாழ்ந்து, பாறையின் நிழல் கொட்டகைவரை நீண்டிருந்தது. ஈக்களின் இரைச்சல் காதை அடைத்தது. பூவைத் தொட்டான். காய்ச்சல்காரன் நெற்றியாகச் சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு தண்டைப் பிடுங்கினான்.

தண்டு அண்ணனின் வாயிலிருந்து முளைத்திருந்தது.

ஓடு இல்லை. முகம். அப்படியே, வாடாமல். மயிர்க்கற்றை வேராக ஓடியிருந்தது. முகத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. குழிக்குள் இறங்கித் தோண்டினான். கழுத்து. தோள். முண்டும் முடிச்சுமாகக் கிழங்குத்தோல் போர்த்திய மார்பு. குவாரியில் தள்ளிய உடம்பு முழுசாக விளைந்திருந்தது. தோளைச் சுற்றிலும் குட்டிக் கிழங்குகள், கைப்பிடி அளவில். ஒவ்வொன்றிலும் ஒரு மூக்கு. ஒரு வாய்.

வெட்டினான். வெள்ளைச் சதை தெறித்தது, பின்னாலேயே ரத்தம். முகத்தைப் பிளந்தான். தோளைத் துண்டாக்கினான். பீய்ச்சிய சாறு பட்ட இடமெல்லாம் அரித்தது. சொறிந்துகொண்டே வெட்டினான். குட்டிகள் சிதறிச் சரிவெங்கும் உருண்டன. அப்போதுதான் உறைத்தது. சேனையை எத்தனை துண்டு போட்டாலும் அத்தனையும் முளைக்கும்.

"தம்பி, கிழங்கு வந்துச்சா?"

மேலே அண்ணி. இடுப்பில் கூடை.

அவன் வாய் திறப்பதற்குள் மண்ணிலிருந்த வாய்களெல்லாம் திறந்தன. அதே குரல். அதே கேலி. "உனக்கு மண்வெட்டி பிடிக்கவே இன்னும் தெரியலடா."

அண்ணியின் கூடை விழுந்தது. "என்னங்க?" என்றாள், ஒரு வருடம் காத்திருந்த குரலில். பிறகு குழிக்குள் பார்த்தாள்.

இளையவன் வெளியே ஏறப் பார்த்தான். முடியவில்லை. சொரசொரப்பான ஒரு கை அவன் கணுக்காலை இறுக்கியிருந்தது. ஏறுவதற்காக அவன் மேலே வீசிய மண்வெட்டி அண்ணியின் காலடியில் கிடந்தது.

அவள் அழுதுகொண்டே அதை எடுத்தாள். அவளும் பத்து வருடம் கிழங்கு தோண்டியவள். குழிக்குள் குனிந்தபடி சிக்கியிருந்தவனின் பிடரியை ஒருமுறை பார்த்து, காலை அகட்டி வைத்துக்கொண்டாள். கீழே அத்தனை சின்ன முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.