நீலக் கதவு

போன வாரம் விளம்பரத்தில் வந்த கதவு பழுப்பு. இன்று நீலம்.

பரமானந்தம் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அதே தேர்தல் விளம்பரம்தான். பனி மூடிய வீடு, சாத்திய கதவு, வெளியே குல்லா வைத்த யாரோ தட்டுகிற சத்தம். பிறகு அந்தக் கனத்த குரல்: “தெரிந்த குரல் என்று திறந்தார்கள். நாளை உங்கள் வீடு.” டாக்டரை நம்பாதவர், பங்குச் சாமியாரையும் நம்பாதவர். இந்தக் குரலை மட்டும் நம்பினார்.

“கித்தேரி, அது நம்ம கதவு மாதிரி இல்ல?”

“நம்ம கவுஞ்சி ஊருல பாதிக் கதவு நீலந்தான்.” மனைவி கித்தேரியம்மாள் சால்வையைச் சுற்றிக்கொண்டாள். “இப்ராம்சா பாய் கடையில மாத்திரை வந்திருக்காம். வெரசா வந்துர்றேன். மஞ்சு எறங்குது, கூப்புட்டா தட்டைத் தட்டுங்க.”

“அந்தாளு கடைக்கா? தட்டுறது யாருன்னு டிவியில பாத்தேல்ல?”

“முப்பது வருசமா நம்ம வீட்டுக் காப்பியைக் குடிச்ச மனுசன். இப்பத்தான் கழுத்தை அறுக்க வர்றாராக்கும்!”

“பொய்யின்னா இத்தனை தடவை போடுவானா?”

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மூடுபனி அடைத்தால் அங்கே அதுதான் வழக்கம். வெளியே இருப்பவர் குரல் கொடுக்க வேண்டும், வீட்டில் இருப்பவர் எவர்சில்வர் தட்டைத் தட்ட வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்து நடந்தால் வீடு வரும். தவறினால் கேரட் வயலின் விளிம்பு. அதற்குக் கீழே பள்ளம்.

சாயங்காலம் ஆவதற்குள் பனி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நுழைந்து, ஈர மண் வாசனையும் யூகலிப்டஸ் புகையும் கலந்து, அடுப்படி, கட்டில், சுவரில் தொங்கிய சேசு படம் என்று ஒவ்வொன்றாகத் தின்றது. டிவி மட்டும் தெரிந்தது. மறுபடியும் அந்த நீலக் கதவு. இப்போது அதில் ஒரு குருத்தோலைச் சிலுவை. அதன் இடது கை ஒடிந்திருந்தது.

அவரே போன ஞாயிறு வாசல் கதவில் ஆணியடித்த சிலுவை.

டிவியை அணைத்தார். தாழ்ப்பாளைப் போட்டார்.

“அண்ணே! பரமானந்தம் அண்ணே! இப்ராம்சா. அக்காளுக்குக் கண்ணு தெரியலைன்னு கூட்டியாந்தேன். தட்டைத் தட்டுங்கண்ணே, வழி தெரியல!”

தட்டை எடுத்தார். கரண்டியை ஓங்கினார்.

தெரிந்த குரல்.

கரண்டி இறங்கவில்லை.

“ஏங்க…” கித்தேரி. “தட்டுங்க. காலுக்குக் கீழ மண்ணு சரியுது.”

அதுவும் தெரிந்த குரல்தான். தட்டு தவறியும் ஒலித்துவிடக் கூடாது என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குரல்கள் வலப்பக்கம் நகர்ந்தன. வலப்பக்கம் பாதை கிடையாது.

“அண்ணே—”

கற்கள் உருண்டன. ஒரு அலறல். இன்னொன்று.

பிறகு ஒன்றுமில்லை.

கரண்ட் போனது. குண்டு பல்பு அணைந்தது. அவர் தட்டை விடவில்லை.

டிவி தானாக எரிந்தது.

நீலக் கதவு. ஒடிந்த சிலுவை. கனத்த குரல் வரவில்லை. கதவுக்கு முன்னால் இரண்டு முதுகுகள். ஒன்றில் சால்வை. சேறு சொட்டியது. கழுத்து இரண்டும் ஒரே பக்கம் தொங்கின. சேற்றுக் கை ஒன்று உயர்ந்தது. அதில் மாத்திரைப் பொட்டலம்.

தட்டியது.

சத்தம் டிவியில் கேட்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

“தெரிஞ்ச குரல்தாங்க,” என்றாள் கித்தேரி. “தெறங்க.”

திரையில் கதவு மெல்ல உள்ளே போனது. உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு கிழவர் தட்டை அணைத்தபடி, முதுகைக் காட்டி, டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.