சங்கிலி மாட்டியாச்சு

மலைச்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பஞ்சர் கடை. அதைத் தாண்டினால் உச்சி வரைக்கும் கடை கண்ணி எதுவும் கிடையாது. சாப்பாட்டு வேளை கழிந்த மத்தியானத்தில் அந்தப் பழைய கார் பெருமூச்சு விட்டுக்கொண்டு அங்கே வந்து நின்றது. பின்னால் அதே வெண்ணெய் நிறத்தில் ஒரு டிரெய்லர். ஒரு கதவு, ஒரு ஜன்னல், உள்ளே ஒரு படுக்கை என்று மரத்தால் செய்த குட்டி வீடு. காருக்கும் அதற்கும் ஒரே வயது. இரண்டும் ஜோடியாகப் போனால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதற்காகத்தானே இந்தப் பாடெல்லாம்.

ஓட்டி வந்தவனைப் பழைய கார்க்காரர்கள் 'பாலிஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பரில் ஈ உட்கார்ந்தால்கூடத் துணியும் கையுமாக ஓடுகிற ஆள். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்பான். குரோமில் கீறல் என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. பக்கத்து சீட்டில் இருந்த அந்தப் பெண்டாட்டி, பழைய கார்களுக்கு சீட் தைக்கிறவள். டிரெய்லருக்குள் இருந்த மெத்தையும் அவள் தைத்ததுதான்.

பஞ்சர் கடைக்காரர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார். முகம் சரியில்லை.

"சார், பின்னாடி உட்கார்ந்திருக்கிறவரை இறக்கி உங்ககூட முன்னாடி ஏத்திக்குங்க. ஆளை வச்சுக்கிட்டு டிரெய்லரை இழுக்கக் கூடாது."

"பின்னாடி யாருமில்லையே."

"அப்புறம் ஏன் வாலு இப்படித் தொங்குது? பின்பக்கம் கனம் ஏறினா முன்பக்கம் எகிறும் சார். அப்புறம் வண்டி நாய் வாலை ஆட்டுற மாதிரி ஆட்டும், காரையும் சேர்த்துக் கவுத்துரும்."

பாலிஷ் சிரித்தான். "பழைய ஸ்பிரிங்குங்க. நம்மள மாதிரியே அதுவும் தளர்ந்து போச்சு."

அவள் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒருவரும் இல்லை. மெத்தையின் கடைசி ஓரம் மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கிக் கிடந்தது. அவள் கையால் தட்டி நிமிர்த்தினாள். கதவைச் சாத்துவதற்குள் அது மறுபடி மெதுவாக அமுங்கியது.

உள்ளே கிரீஸ் வாடை.

பழைய டிரெய்லரைப் பிரித்துப் புது மரம், புதுப் பெயின்ட், புது மெத்தை போட்ட இடத்தில் கிரீஸ் வாடைக்கு வேலையே இல்லை. அந்த வாடை அவள் அண்ணனுடையது. குளித்து முடித்துப் புதுச்சட்டை போட்டாலும் அவனை விட்டுப் போகாத வாடை.

அண்ணனை எல்லோரும் 'ஸ்பேனர்' என்பார்கள். போன வருஷம் இதே மலையில், இதே டிரெய்லர் ஏறி அவன் செத்துப் போனான். ஏற்றத்தில் கார் நின்றுவிட்டதாம். சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்கக் குனிந்திருக்கிறான். பூட்டு விட்டு டிரெய்லர் கழன்று அவன் மேலேயே உருண்டுவிட்டது. காரோடு சேர்த்துக் கட்டும் சங்கிலி இருந்திருந்தால், பூட்டு விட்டாலும் பிடித்து நிறுத்தியிருக்கும். சங்கிலி மாட்டப்படவில்லை.

"மச்சான்தான் மாட்ட மறந்துட்டான்" என்று பாலிஷ் ஊர் முழுக்கச் சொன்னான்.

மறக்கிற ஆளா அவன்? தண்ணீர்க் குழாயை மூடினால்கூடத் திரும்பி வந்து ஒரு தரம் இறுக்கிப் பார்க்கிறவன். டிரெய்லர் மாட்டுவதற்கென்றே அவன் ஒரு முறை வைத்திருந்தான். ஒருவர் காரின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இன்னொருவர் டிரெய்லருக்குப் பின்னால் நின்று கேட்க வேண்டும். "உருண்டை?" என்றால் "உட்கார்ந்தாச்சு." "பூட்டு?" என்றால் "விழுந்தாச்சு." "சங்கிலி?" என்றால் "மாட்டியாச்சு." கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டான். மற்றவர்கள் இதை வைத்து அவனைக் கேலி பண்ணுவார்கள். செத்த பிறகு அந்தக் கேலி நாராசமாகிவிட்டது. ஸ்பேனரே மறந்துட்டானாம், தன் சாவைத் தானே தேடிக்கிட்டானாம் என்று பேசினார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணி எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. அண்ணன் போனதைவிட, அவன் பெயர் கெட்டதுதான் இவளுக்கு ஆறாமல் அறுத்தது. உண்மை தெரியாமல் செத்தாலும் தன் கட்டை வேகாது என்று நினைத்துத்தான் இன்றைக்கு இந்தக் காரில் ஏறியிருந்தாள்.

கார் மலையேறியது. உச்சியில் பழைய கார்களின் கண்காட்சி. பரிசு நமக்குத்தான் என்று பாலிஷ் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். வளைவு வளைவாகப் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. எதிரே வண்டி இல்லை, பறவைச் சத்தம்கூட இல்லை. என்ஜின் முனகலும், பின்னால் மரப்பலகை கிறீச்சிடுவதும் மட்டும் கேட்டன.

மேட்டைத் தாண்டி ஒரு இறக்கம் வந்தது.

கிரீஸ் வாடை இப்போது காருக்குள் அடித்தது.

"என்னங்க, வாடை வருதுல்ல?"

"என்ன வாடை? சும்மா இரு."

ஆனால் அவன் மூக்கு விடைத்திருந்தது.

டிரெய்லர் இடது பக்கம் லேசாக ஒதுங்கியது. பிறகு வலது பக்கம். காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. ஸ்டியரிங் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பனி. பனிக்குக் கீழே என்ன ஆழம் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. பின் சீட்டிலிருந்து இல்லை. அதற்கும் பின்னால், டிரெய்லருக்கும் பின்னாலிருந்து. எந்த அவசரமும் இல்லாத குரல்.

"உருண்டை?"

பாலிஷின் முகம் வெளுத்துப் போயிற்று.

"பூட்டு?"

"பிரேக்கைத் தொடாதீங்க!" என்று அவள் கத்தினாள். அண்ணன் சொல்லிக்கொடுத்தது அது. ஆட்டம் வந்தால் மிதிக்கக் கூடாது, காலை எடுத்துவிட்டுக் கார் தானாக வேகம் குறைய விட வேண்டும். "காலை எடுங்க! ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க!"

அவன் காலை எடுத்தான். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, இறக்கத்தின் அடிவரை அப்படியே ஆடிக்கொண்டு போய், அடுத்த ஏற்றத்தில் திணறி நின்றது. என்ஜின் அணைந்தது.

நிசப்தம்.

"சங்கிலி?"

இந்த முறை காதுக்குப் பக்கத்தில்.

பாலிஷ் ஸ்டியரிங்கில் தலையை மோதிக்கொண்டான். "நான்தான்டா! நான்தான் கழட்டினேன்! போட்டோவில சங்கிலி அசிங்கமாத் தெரியுதுன்னு கழட்டினேன். பம்பரெல்லாம் கீறலு. திருப்பி மாட்டலை. நீ கேட்டே, மாட்டியாச்சுன்னேன். நீ குனிவேன்னு எனக்கென்னடா தெரியும்?"

அவள் அவனையே பார்த்தாள். இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிட்டவன். அண்ணனுக்குக் கொள்ளி வைத்த இடத்தில் எல்லோரையும் விட உரக்க அழுதவன்.

"பழியைத் தூக்கி அவன் மேலயே போட்டீங்களே" என்றாள்.

அந்தக் குரல் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. வாடையும் போய்விட்டது. பாலிஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உண்மையைச் சொன்னதும் தீர்ந்தது கணக்கு என்று நினைத்துவிட்டான். அந்த ஆளுக்கு எதிலும் அப்படித்தான், மேலே ஒரு துடை துடைத்தால் போதும்.

கார் ஒரு விரற்கடை பின்னால் நழுவியது. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் பழைய இரும்பு பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றது.

"இறங்கு. நான் டிரெய்லர் சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறேன். நீ போய்ச் சங்கிலியை மாட்டு."

"இன்னிக்கும் மாட்டலையா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டிக்கியில இருக்கு."

டிக்கியில் பிளானல் துணிக்குள் சங்கிலி குழந்தை மாதிரி சுருண்டு கிடந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு இரும்பு உருண்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பனியில் டிரெய்லரின் மறுகோடி தெரியவில்லை. அவன் செருப்புச் சத்தமும், சாலையோரக் கல்லைப் புரட்டும் சத்தமும் கேட்டன. பயந்த மனுஷனுக்குப் பழைய பழக்கம்தான் வாயில் வரும் போலிருக்கிறது.

"சங்கிலி?" என்று அவன் பின்னாலிருந்து கேட்டான்.

கொக்கி அவள் கையில் இருந்தது. வளையம் கண்ணுக்கு எதிரே இருந்தது. மாட்டத்தான் போனாள். சத்தியமாக மாட்டத்தான் போனாள். மணிக்கட்டை எதுவோ பிடித்துக்கொண்டது. சில்லென்று, வழவழவென்று.

"மாட்டியாச்சு."

அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் குரல் அவளுடையதுதான்.

"சரி, நான் கல்லைப் போடறேன்" என்றான் அவன். குனிகிற முனகல் கேட்டது.

பூட்டின் நெம்புகோல் அவள் கண்ணெதிரே மெல்ல நிமிர்ந்தது. அதன்மேல் எந்தக் கையும் படவில்லை.

கத்தியிருக்கலாம். மணிக்கட்டைத்தான் அது பிடித்திருந்தது, தொண்டையை இல்லை. ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தைக்குப் பதிலாக அவளுக்கு ஞாபகம் வந்தது, அண்ணனின் பெயரைச் சொல்லிச் சிரித்த வாய்கள்.

அவள் கத்தவில்லை.

டிரெய்லர் உருண்டையை விட்டு எழும்பி, பனிக்குள் பின்னோக்கிப் போயிற்று. சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "சங்கிலி ஏம்மா மாட்டலை?" என்று கேட்டார்.

"அவர்தான் மறந்துட்டார்" என்றாள். போன வருஷத்து விஷயத்தையும் சேர்த்துச் சொன்னாள், பாலிஷ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதை. பழைய கார்க்காரர்கள் கூட்டமாக அண்ணி வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றார்கள். அண்ணி உள்ளே போய் அண்ணனின் போட்டோவைத் துடைத்துக் கூடத்தில் மாட்டினாள்.

இத்தோடு அண்ணன் அடங்கிவிட்டான் என்றுதான் தங்கையும் நினைத்தாள்.

ஆனால் மணிக்கட்டில் நான்கு விரலும் கட்டைவிரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. வளையலை இறக்கி மறைத்துக்கொண்டு சீட் தைத்தாள். போகப்போக அது அவளுக்குப் பழகியும் போயிற்று. தனியாக வேலை செய்கிறபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அதைத் தடவிப் பார்ப்பாள்.

ஒரு காலையில் அவள் தையல் கடை வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. பின்னால் டிரெய்லர். தைத்த சீட்டை வாங்கிப் போக வந்த மனிதர் வாட்டசாட்டமாக, சிரித்த முகமாக இருந்தார். டிரெய்லரின் சங்கிலியைக் கயிறு போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தார்.

"அதை மாட்டிக்கிட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள்.

"அட, பக்கத்துலதானே தங்கச்சி! கீறல் விழுந்தா யாரு பெயின்ட் அடிக்கிறது?"

அவர் ஏறிக்கொண்டு கிளம்பினார். அவள் மணிக்கட்டு திடீரென்று லேசாகிவிட்டது. வளையலை மேலே தள்ளிப் பார்த்தாள்.

கறை இல்லை. தோல் சுத்தமாக இருந்தது. வாசலை விட்டு நகர்ந்த டிரெய்லரின் வால், பின்னால் ஆள் ஏறின மாதிரி தொங்கியது.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். "நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!" இந்த முறை தொண்டை கிழியக் கத்தினாள், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சந்தோஷமாக ஆட்டிவிட்டு, மலைப்பக்கம் திரும்பினார்.