கழற்றினால் குளிரும்

முதலில் எது சரியில்லாமல் பட்டது, வாசனையா சத்தமா என்று இளம்பரிதிக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. வாசனைதான் என்று நினைக்கிறான். பயிற்சி அறையில் மெய்நிகர் காட்சிக் கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டால் உலையின் உட்புறம் அச்சு அசலாகத் தெரியும், ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்கும், கூட இருப்பவர்கள்கூடக் கவச உடையோடுதான் தெரிவார்கள். வாசனை மட்டும் வராது. அன்று முடி பொசுங்கும் வாசனை வந்தது.

ஒரகடத்துத் தொழிற்சாலையில் உலையைப் பழுதுபார்க்க ஆள் இறங்குவதற்கு முன், உடம்பு எவ்வளவு சூடு தாங்கும் என்று அந்தப் பொய் உலையில்தான் பார்ப்பார்கள். தாங்காவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும், வீம்பு கூடாது. கழற்றினால் ஏசி அறை, மோர், சூப்பர்வைசர் ரஞ்சனியின் கிண்டல். சித்திரை முழுக்க அவனும் கூட வேலை பார்க்கும் யாக்கோபும் கழற்றிக் கழற்றியே பழகியிருந்தார்கள்.

அன்று செங்கல் சுவர் மங்கிய சிவப்பில் மூச்சு விடுவதுபோல் இருந்தது. வியர்வை நின்றுபோயிருந்தது. சுவருக்கு அப்பால் ஏதோ விட்டு விட்டுக் கீறியது.

"அண்ணே, இது ட்ரெய்னிங்கா, நெசமா?"

"இன்னாடா, சூடு ஏறினா உனுக்கு டவுட்டும் ஏறுது." யாக்கோபு முகக்கண்ணாடிக்குள் சிரித்தார். "ட்ரெய்னிங்குதான். அங்க பாரு, ரஞ்சனி மேடம் மோர் எடுத்துகினு நிக்குது."

உலையின் கோடியில், வாசலே இல்லாத இடத்தில், ஒரு பெண் நின்றாள். இரண்டு கையிலும் எதையோ ஏந்தியிருந்தாள். உடம்பில் கவசம் இல்லை. பொய் உலையில்கூடக் கவசம் இல்லாத ஆளை அவன் பார்த்ததில்லை.

காலையில் எதை மாட்டினோம்? கருவியா? தலைக்கவசமா? நினைவில்லை.

அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"கழட்டாதண்ணே. கொஞ்சம் இரு."

"போடா. எரியுது."

யாக்கோபு தலையில் மாட்டியிருந்ததை இரண்டு கையாலும் தூக்கினார்.

சத்தம் வரவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. புருவம் இல்லை. இமை இல்லை.

இடுப்புக் கயிற்றைப் பிடித்து வெளியே நின்றவர்கள் இருவரையும் இழுத்தார்கள்.

யாக்கோபு பிழைக்கவில்லை. அன்று உலைப் பக்கமே வராத ரஞ்சனி வேலையை விட்டுவிட்டாள். இளம்பரிதி தண்டலத்தில் வீட்டோடு இருக்கிறான். மனைவி சத்யப்பிரியா அவன் கைகளைத் துணியால் கட்டி வைக்கிறாள். சோறு ஊட்டும்போது அசந்தால் போதும், கழற்றுவதற்கு, தாடைக்கு அடியில் விளிம்பைத் தேடி நகத்தால் நெம்புகிறான்.

"இன்னும் கொஞ்சந்தான் மேடம்," என்கிறான் அவளிடம். "வந்துடும்."