மாதுளையைப் பிளந்தவர்கள்

திங்கட்கிழமை காலை. தேநீரோடு கடைசி அறையின் கதவைத் திறந்த வார்டன், கட்டிலில் கிடந்தவனை இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட அவசியமிருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தலையணைக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம், காலியாக. போதையை விடுவதற்கென்று வந்து சேர்ந்த இல்லத்தில், போதை மருந்தாலேயே ஒரு சாவு.

வியாழன் மதியம், செத்தவனின் அக்கா இல்லத்து மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வக்கீலம்மா. குள்ளம், குண்டு, எந்நேரமும் ஏலக்காய் மெல்லும் வாய். அவரைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அதை வைத்தே பல பேரைக் கவிழ்த்திருக்கிறார். ஜன்னலோரம் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். வக்கீலம்மா கூப்பிட்டுத்தான் வந்திருந்தார்.

"தம்பி சேர்ந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஞாயித்துக்கிழமைதான் இவங்க முதல் தடவையா வந்து பார்த்தாங்க. அன்னிக்கு ராத்திரியே தம்பி போயிட்டார்" என்றார் மேனேஜர், குரலில் தேன் தடவி. "இதை நாங்க பெரிசு பண்ணினா இவங்க பேருதான் அடிபடும். எதுக்கு வம்பு? புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி."

அக்கா மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். தம்பியையும் பறிகொடுத்து, அவனைக் கொன்றவள் என்ற பெயரையும் சுமப்பதா? நேற்று அவர் போனிலும் இதையே சொல்லியிருந்தார். ராத்திரி ஒரு கணம், போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

"கையெழுத்து எங்க ஓடிப் போயிடப் போகுது? வார்டனைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார் வக்கீலம்மா.

வார்டன் வந்தார். சூதுவாது தெரியாத முகம்.

"இவங்களைச் சோதிச்சீங்களா?"

"பின்னே? லேடி செக்யூரிட்டியை வச்சு, பை, செருப்பு, கொண்டை வரைக்கும். மாதுளம்பழம் கொண்டுவந்தாங்க. அதைக்கூட என் எதிர்லயே பிளக்கச் சொன்னேன்."

"பேசும்போது?"

"பக்கத்துலயே நின்னேன் மேடம். கண்ணெடுக்கல."

"ஏதாவது கை மாறுச்சா?"

"இவங்க ஊட்டின மாதுளை முத்துதான். வேற ஒண்ணுமே இல்ல."

மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"சின்னப் பிள்ளை மாதிரி நெஞ்செல்லாம் சாறு ஒழுக விட்டுக்கிட்டான்" என்று முணுமுணுத்தாள் அக்கா.

வக்கீலம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "புதுசா ஒருத்தர் சேர்ந்தா என்ன பண்ணுவீங்க?"

மேனேஜருக்குப் பிடித்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தார். "உடுத்திருக்கறதை எல்லாம் கழட்டிப் பையில போட்டுக் கட்டி, ஸ்டோர்ல பூட்டிடுவோம். ஆளைத் தலையிலிருந்து கால்வரை சோதிப்போம். அப்புறம் எங்க சீருடை. தினமும் வெந்நீர்ல துவைச்சது. அந்தப் பையை வீட்டுக்குப் போற அன்னிக்குத்தான் திறப்போம்."

"சிகரெட்?"

"வாடையே ஆகாது. எனக்கே கிடையாது."

இதைக் கேட்டதும் அக்கா உடைந்துபோனாள். "அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது? கட்டிப்பிடிச்சேன், சட்டையெல்லாம் சிகரெட் நாத்தம். 'சத்தியமா தொடலக்கா'ன்னான். பொய் சொல்லாதடான்னு திட்டிட்டுக் கிளம்பி வந்துட்டேன் மேடம். நான் அவன்கிட்ட கடைசியாப் பேசினதே அதுதான்."

வக்கீலம்மாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தான்மா?"

"பச்சைக் கட்டம். நான் வாங்கிக் கொடுத்தது."

மேனேஜர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தார். வக்கீலம்மா எழுந்தார். "இன்ஸ்பெக்டர் சார், ஸ்டோர் ரூமைப் பார்த்துடலாமா?"

தம்பியின் பை அலமாரியில் இறுக்கிக் கட்டியபடி இருந்தது. இன்ஸ்பெக்டர் முடிச்சை அவிழ்த்தார். மேலாக இருந்தது பச்சைக் கட்டம் போட்ட சட்டை. மூக்கைத் துளைக்கும் சிகரெட் நெடி. நெஞ்சுப் பக்கம், காய்ந்துபோன மாதுளைச் சாறு.

"வந்த அன்னிக்குக் கட்டின பைன்னீங்க" என்றார் வக்கீலம்மா. "ஞாயித்துக்கிழமை ஒழுகின சாறு இதுக்குள்ள எப்படிப் போச்சு?"

வார்டன்தான் பதில் சொன்னார். "சீருடையில நின்னா பார்க்க வர்றவங்களுக்குக் கைதி மாதிரி தெரியுமாம். அதனால அன்னிக்கு மட்டும் சொந்தத் துணியைக் கொடுக்கச் சொல்வார் சார். முடிஞ்சதும் திரும்ப வாங்கிக் கட்டி வச்சிடுவோம்."

"துவைப்பீங்களா?"

"பைக்குள்ள கிடக்கறதை எதுக்கு மேடம் துவைக்கணும்?"

"பாக்கெட்டையாவது துழாவினீங்களா?"

"இல்ல மேடம்" என்றார் வார்டன். இன்ஸ்பெக்டர் அதற்குள் பேன்ட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் தையல் பிரிந்து ஒரு ரகசியப் பை. உள்ளே வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது.

"போச்சு" என்றார் வக்கீலம்மா. "பழத்தைப் பிளந்தீங்க, கொண்டையை அவிழ்த்தீங்க. ஆளைக்கூடச் சோதிச்சீங்க. பூட்டப்போற துணிதானேன்னு அதை மட்டும் விட்டுட்டீங்க. அப்புறம் நீங்களே எடுத்து அவன் கையில கொடுத்தீங்க. ஒரு மாசத்துக்கும் மேல எதையும் தொடாத உடம்பு அது. முன்னே தாங்கின அளவு இப்போ தாங்கல. வார்டன் பண்ணினது அசட்டுத்தனம். மேனேஜர் சார், நீங்க பண்ணினது வேற. திங்கட்கிழமையே உங்களுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. இல்லேன்னா இவ்வளவு அவசரமா இந்தப் பொண்ணு மேல பழியைத் திருப்பியிருக்க மாட்டீங்க."

அக்கா சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ அந்த நாத்தம்..."

"பழைய நாத்தம்மா. உன் தம்பி உண்மையைத்தான் சொன்னான்."

அவள் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த அழுகையோடு இறங்கியது. அழுதபடியே, பாவி, அன்றைக்கே நம்பியிருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாசலில் வேப்பமர நிழலில் நின்று வக்கீலம்மா விளக்கினார். "கவனக்குறைவால மரணம்னு இன்ஸ்பெக்டர் கேஸ் எழுதுவார். உன்னை மிரட்டினது அதுல தனியாச் சேரும். பிரேதப் பரிசோதனை அறிக்கை நம்ம கையில இருக்கணும், அதை நான் வாங்கிடறேன். நஷ்டஈட்டுக்கு சிவில் கோர்ட் இருக்கு, ஆனா இழுஇழுன்னு இழுக்கும். இவங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தவங்ககிட்டயும் மனு போடலாம். எதுல ஆரம்பிக்கட்டும்?"

அக்கா இல்லத்து வாசலைத் திரும்பிப் பார்த்தபடி கேட்டாள்: "அடுத்து எப்போ பார்க்க விடுவாங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமை."

"உள்ளே மத்தவங்க பையெல்லாம் அப்படியேதானே மேடம் இருக்கு?"

வக்கீலம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை துப்புத் துலக்கியவருக்கு இது தோன்றவே இல்லை. "இன்ஸ்பெக்டர் சார்!" என்று கத்திக்கொண்டே, உடம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

கூடத்தில், உள்ளே தங்கியிருந்தவர்கள் சுற்றி நிற்க, எல்லாப் பைகளையும் கொட்டினார்கள். ஒரு காலர் மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஒரு ஷூவின் உள்தோலுக்கு அடியிலிருந்து இன்னொன்று. ஷூவுக்குச் சொந்தக்காரர் தாடி வைத்த லாரி டிரைவர். அதைப் பார்த்ததும் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது அங்க இருக்கறதே எனக்கு ஞாபகமில்லம்மா" என்றார் அக்காவிடம். "ஞாயித்துக்கிழமை என் பொண்டாட்டி பிள்ளைகளோட வர்றா. இதைத்தான் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். கையில பட்டிருந்தா, சத்தியமா, விட்டிருக்க மாட்டேன்."

தம்பி ஏன் அதை எடுத்தான் என்று அவள் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். மூத்த பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரித்தாள். அவர் சொல்லச் சொல்ல, நாலு நாளில் முதல் முறையாக அவளுக்குப் பசித்தது.

"சிவில் கேஸ் எத்தனை வருஷம் இழுக்கும் மேடம்?"

"உனக்கு நரை விழுந்துடும்."

"விழட்டும். எல்லாத்தையும் போடுங்க" என்றாள் அக்கா.